நேவி வானும் ஐஸ் சர்பத்தும்

ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். வெப்பம் எதனூடாகப் போகும், எதனூடாகப் போகாது என்று கரும்பலகையில் படம் கீறிக் கீறியே என் வலது தோள் இறங்கிப்போனது. ஆனால் என் சொந்த வீட்டில் ஐஸ் எடுக்க எனக்கு அனுமதியில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஐஸ் போட்டுக் குடிக்கலாமே என்று எழும்பினால் போதும், மூலைக்கொருவராக ஓடி வருவார்கள். "நீங்க இருங்கோ, நாங்க எடுத்துத் தாறம்" என்பார்கள். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணமான சம்பவம் நடந்தபோது எனக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருகோணமலை டவுனுக்குள் மாமியின் வீட்டில் இருந்தோம். இவர் (என் கணவர், பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இனிமேல் பழகவும் ஏலாது) துறைமுகத்தில் மெக்கானிக். மாமிக்கு என்னைப் பிடிக்காது என்று சொன்னால் அது அபாண்டம். ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் என் கையால் எதையும் வாங்கிக் குடிக்கமாட்டார். அவ்வளவுதான்.

விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய் நீட்டுவேன். "வைச்சிட்டுப் போ பிள்ளை" என்பார். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் அது கிணற்றடி வாழைக்குப் போய்விடும். பிறகு மெல்லக் குசினிக்குள் போய்த் தனக்கென்று ஒன்று போட்டுக் குடிப்பார். படித்த பெண்ணுக்கு அடுப்பு வேலை வராது என்பது அவருடைய முடிவு. அதில் அவ்வளவு பிழையும் இல்லை என்பது வேறு கதை. அந்த வருடம் எங்கள் கிணற்றடி வாழை போட்ட குலையைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தார்கள். எல்லாம் என் தேத்தண்ணியின் புண்ணியம்.

எப்படியாவது மாமியின் வாயால் ஒரு நல்ல சொல் வாங்கிவிட வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கடற்கரையோரச் சல்லி ஊரில் அம்மன் பொங்கல் வந்தது.

இவருக்குச் சின்ன வயதில் அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை, வந்து உடம்பு நெருப்பாகக் கொதித்ததாம். மாமி சல்லி முத்துமாரியை நினைத்து, "என்ர பிள்ளையின்ர உடம்பைக் குளிரப்பண்ணித் தா தாயே, உன்ர வாசலுக்கு வாற சனத்துக்கு நான் ஐஸ் போட்ட சர்பத் குடுக்கிறன்" என்று நேர்ந்துவிட்டார். பிள்ளைக்குச் சுகம் வந்தது. நேர்த்திதான் நிற்கிறது. மோர் என்றோ வெறும் சர்பத் என்றோ நேர்ந்திருந்தால் அடுத்த பொங்கலிலேயே முடிந்திருக்கும். ஐஸ் என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. சுடுமணலில், அந்தச் சனத்துக்கு, அந்தக் காலத்தில் ஐஸுக்கு எங்கே போவது? ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமி போய், "அடுத்த முறை கட்டாயம்" என்று அம்மனிடம் தவணை கேட்டுவிட்டு வருவார்.

இங்கேதான் எங்கள் வான் கதைக்குள் வருகிறது.

வெள்ளைக்காரன் நேவியைக் கட்டிக்கொண்டு கப்பலேறியபோது எங்கள் ஊரில் ஏலம் போகாத சாமான் இல்லை. ஒரு வீட்டில் நேவிக் கட்டில், இன்னொரு வீட்டில் நேவிக் கதிரை. எங்கள் தெருவில் ஒருவர் பெரிய வெண்கல மணி ஒன்றை வாங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்து மாமரத்தில் தூக்கியிருந்தார். இவர் வாங்கியது ஒரு பழைய அம்புலன்ஸ் வான். நோயாளியைப் படுக்கவைக்கும் தட்டுகளைக் கட்டிலாக்கி, ஒரு சின்ன அலுமாரி பொருத்தி, மடிக்கிற மேசை ஒன்று செய்து, மாமியின் பழைய சேலையில் திரைச்சீலை தொங்கவிட்டு அதை ஒரு வீடாக்கிவிட்டார். எங்கே போனாலும் அதற்குள்ளேயே சமைக்கலாம், படுக்கலாம். பக்கத்தில் இருந்த சிவப்புச் சிலுவைக்கு மேல் இரண்டு பூச்சு பெயின்ற் அடித்தும் அது மங்கலாகத் தெரிந்துகொண்டேயிருந்தது. நாங்கள் உல்லாசமாகப் போவோம். றோட்டில் நிற்கிறவர்கள், "ஐயோ, ஆருக்கு என்ன?" என்று கேட்பார்கள்.

அந்த வானுக்குள் இருந்த பெரிய சொத்து ஒரு பிரிஜ். அதுவும் ஏலத்தில் வந்ததுதான். கரண்ட் வேண்டாம், அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரிய, மேலே குளிரும். நெருப்பு மூட்டிக் குளிர் எடுப்பதை மாமி கடைசிவரை நம்பவில்லை. நான் வகுப்பெடுத்தேன். திரவம், ஆவி, வெப்பம் என்று நான் சொல்லச் சொல்ல மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "பொங்கலண்டைக்கு ஐஸ்காரனிட்ட ஒரு கட்டி வாங்கி, உடனே உடைச்சுப் போட்டால் காணும் பிள்ளை" என்றார்.

"வேண்டாம் மாமி. ஐஸ் நானே செய்து, நானே காப்பாத்தித் தாறன். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

மாமி என்னைப் பார்த்தார். "உன்னை நம்பித்தான் பிள்ளை அம்மனிட்டச் சொல்லப்போறன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இதுதான் சந்தர்ப்பம். இதில் வென்றால் வாழைக்குப் போகிற தேத்தண்ணி மாமிக்குப் போகும்.

அன்றிலிருந்து வீட்டிலிருந்த டின்பால் பேணி ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி பிரிஜ்ஜுக்குள் அடுக்கினேன். வான் எங்கள் முற்றத்தில் சாதுவாக நின்றது, விளக்கு நீலமாக எரிந்தது, பேணிகளெல்லாம் கல்லுப்போல உறைந்தன. மாமியைக் கூட்டிவந்து ஒரு பேணியைத் தட்டிக் காட்டினேன். "ம்" என்றார். அந்த "ம்"மை நினைத்து நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

பொங்கலுக்கு முதல்நாள் புறப்பட்டோம். உப்புவெளி தாண்டி, மணல் பாதையில் குலுங்கிக் குலுங்கி சல்லிக்குப் போய்ச் சேர்ந்தால், கடற்கரை முழுக்கக் கொட்டில்களும் வண்டில்களும் அடுப்புப் புகையும். சல்லி மீன்பிடிகாரருடைய ஊர். ஆனால் பொங்கல் முடியும்வரை ஒரு வள்ளம் கடலில் இறங்காது, ஒரு சட்டியில் மீன் ஏறாது. வலை, கூடை, கருவாட்டுப் பாய் எல்லாவற்றையும் ஓர் ஒதுக்குப்புறமாகக் குவித்து மூடிவிட்டு ஊரே மரக்கறியோடு விரதம் இருக்கும்.

இவர் வானை ஒரு நல்ல வேம்பு நிழலில் நிற்பாட்டினார். நிழல் நல்ல நிழல்தான். நிலம்தான் கடலைப் பார்த்துச் சரிந்திருந்தது.

பாதையில் காற்றுக்கு அணைத்திருந்த விளக்கைத் திரும்பவும் கொளுத்தினேன். எரிந்தது. புகைந்தது. குளிர் மட்டும் வரவில்லை. பிரிஜ்ஜுக்குள் கையைவிட்டால் அடை வைத்த கோழிக்குக் கீழே கையைவிட்ட மாதிரி இருந்தது. இவர் வந்து குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இந்த வகைப் பிரிஜ் மட்டமா நிண்டால்தான் வேலை செய்யும். சரிஞ்சு நிண்டால் ஏலாது."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீர்தானே எல்லாருக்கும் விளங்கப்படுத்தினனீர்."

"மேட்டுப் பக்கத்துச் சில்லுக்குக் கீழ மண்ணைத் தோண்டினால் மட்டமா வரும்தானே" என்று யோசனை சொன்னேன். கணக்குப்படி சரி. தோண்டினோம். வானின் மேட்டுப் பக்கம் இறங்கியது, பிறகு பள்ளத்துப் பக்கமும் தன்பாட்டில் இறங்கியது. கடைசியில் வயிறு மணலில் முட்டி, முன்னையைவிட இன்னும் கொஞ்சம் சரிந்து, எங்கள் நேவி அம்புலன்ஸ் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர், "நோயாளி ஆர், உள்ளுக்கோ?" என்று கேட்டார்.

சரி, பிரிஜ் போனால் போகட்டும், இருக்கிற ஐஸையாவது காப்பாற்றுவோம் என்று பேணிகளையெல்லாம் எடுத்து, ஐஸைக் கழற்றி, மரத்தூள் நிரப்பிய தேயிலைப் பெட்டிக்குள் மாற்றினேன். அதோடு நிறுத்தியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஆனால் என் தலைக்குள் பாடப்புத்தகம் திறந்துகொண்டது. ஐஸில் உப்புப் போட்டால் அது இன்னும் குளிரும். எங்கள் பக்கத்தில் உப்புக்கா பஞ்சம்? அரிசி அளக்கிற சுண்டால் ஒரு சுண்டு உப்பை அள்ளித் தூவி, மூடியைச் சாத்திவிட்டு, மாமியிடம் போய், "இனிப் பயமில்லை" என்றேன்.

புத்தகத்தில் இருந்தது முழுக்கச் சரி. விடியப் பார்த்தபோது பெட்டி பயங்கரக் குளிராகத்தான் இருந்தது. கையை வைத்தால் விறைத்தது. ஐஸ்தான் இல்லை. உப்புத் தண்ணீரில் மரத்தூள் மிதந்தது.

அந்த நேரம் எனக்கு வந்த அழுகையை இன்றைக்கும் மறக்கேலாது. வெளியே மாமி குளித்து முழுகி, ஈரத் தலையை முடிந்துகொண்டு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பின்னேரம் வாங்கோ, ஐஸ் சர்பத். மருமகள்தான் எல்லாம் பாக்கிறா." முதன்முறையாக என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார், அதுவும் ஊர் முழுக்க. நான் வானுக்குள் உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

இவர் யாரிடமோ ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, சீனி வந்த வெறுஞ்சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டவுனுக்கு மிதித்தார். திரும்பி வரும்போது மத்தியானம் திரும்பிவிட்டது. புறப்படும்போது பெட்டகம் அளவில் இருந்த ஐஸ் கட்டி சல்லிக்கு வந்துசேர்ந்தபோது தலையணை அளவில் இருந்தது. மிச்சமெல்லாம் இவருடைய காற்சட்டையில் இருந்தது. நல்ல ஐஸ், சுத்தமான சாக்கு. அதில் ஒரு பிழையும் சொல்ல ஏலாது.

படையல் பின்னேரம்தான். அதுவரை அந்தத் தலையணையைக் காப்பாற்ற வேண்டும். தேயிலைப் பெட்டி உப்பில் ஊறிக் கிடந்தது. நான் ஒரு நல்ல பெட்டிக்காகக் கடற்கரை முழுக்க அலைந்தேன். அப்போதுதான், ஒதுக்குப்புறத்தில் பாய் போட்டு மூடியிருந்த குவியலுக்குள் அது கண்ணில் பட்டது. ஆகா, என்ன பெட்டி! தடித்த பலகை, இரட்டைச் சுவர், நடுவில் உமி அடைத்தது. மூடி அச்சொட்டாகப் பொருந்தியது. வெப்பம் கடத்தாப் பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் என் கையிலிருந்த எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தார்கள். அம்மன்தான் கண் திறந்து அனுப்பியிருக்கிறாள் என்று கும்பிட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் இவரையும் பிடிக்கச் சொல்லி வானடிக்குத் தூக்கிவந்துவிட்டேன்.

மணந்து பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். கடல் மணத்தது. சல்லிக் கரையில் ஒரு நாள் முழுக்க இருந்த மூக்குக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

பெட்டி சொன்னபடி செய்தது. பின்னேரம் திறந்தபோது ஐஸ் அப்படியே இருந்தது. உடைத்து, சர்பத் கரைக்கிற பெரிய கிடாரத்துக்குள் போட்டேன். றோஸ் சர்பத், தேசிக்காய், ஊறின கசகசா. கிடாரம் வெளியில் வேர்த்தது. சின்னவர்கள் சுற்றிவந்து அந்த வேர்வையைத் தொட்டுத் தொட்டுக் கத்தினார்கள். யாரும் ருசி பார்க்கவில்லை. நேர்த்திக்குச் செய்ததை அம்மனுக்கு வைக்குமுன் வாயில் வைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. சீனி காணுமா என்றுகூடப் பார்க்கக்கூடாது. அன்றைக்கு மட்டும் நான் அந்த வழக்கத்தை மீறியிருந்தால் இந்தக் கதை இல்லை.

மாமி முதல் செம்பை மொண்டு, மேலே பட்டுத் துண்டு போட்டு, கோயிலுக்குக் கொண்டுபோனார். பூசாரியார் வாங்கி அம்மன் முன்னால் வைத்துக் கர்ப்பூரம் காட்டினார். மாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எத்தனையோ வருடத் தவணை தீர்ந்தது. திரும்பி வரும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

சனம் வரிசையில் நின்றது. முதல் கிளாஸ் சல்லிச் சம்மாட்டியாருக்கு. அந்த ஊரின் பெரிய வலைகளுக்கும் வள்ளங்களுக்கும் சொந்தக்காரர். நானே என் கையால் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். நிறுத்தினார். கடலைப் பார்த்தார்.

"பிள்ளை, இது என்ன சர்பத்?"

"றோஸ் சர்பத் ஐயா."

"ஓம், றோஸ்தான். றோசுக்குப் பின்னால வேற ஒண்டு வருது." கிளாஸைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார். "குடிச்சுப் பார். கும்பளாவோ?"

அவர் குடித்து, கண்ணை மூடி யோசித்தார். "இல்லைச் சம்மாட்டியார். சூரை."

பின்னால் நின்ற ஒரு மனுசி இருவரையும் தள்ளிக்கொண்டு வந்து வாங்கிக் குடித்தார். "உங்களுக்கு ரெண்டு பேருக்கும் நாக்கு இல்லையே? இது அறுக்குளா."

மூன்று மீனின் பெயர் காதில் விழுந்தும் எனக்கு விளங்கவில்லை, பாருங்கள். பொங்கல் முடிந்து கடலுக்குப் போகிற கதை ஏதோ கதைக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே அடுத்த கிளாஸை மொண்டேன். சம்மாட்டியார் ஆறுதலாக வானுக்குப் பின்னால் நடந்துபோனார். பெட்டிக்கு மேல் கிடந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ர ஐஸ் பெட்டியெல்லோ! மீன் போடுற பெட்டி!"

வரிசை அப்படியே நின்றது. கையில் கிளாஸ் வைத்திருந்தவர்கள் அதைக் குடிப்பதா கொட்டுவதா என்று தெரியாமல் பூசாரியாரைப் பார்த்தார்கள். பூசாரியார் மாமியைப் பார்த்தார். மாமி என்னைப் பார்த்தார். குளிரில் மணம் எழும்பாது, கரையத்தான் எழும்பும் என்ற விஞ்ஞான உண்மை அந்த நேரம் என் ஞாபகத்துக்கு வந்து என்ன பயன்? விரத நாளில், அம்மன் வாசலில், ஊருக்கே மீன் தண்ணி கொடுத்துவிட்டேன். மாமியின் நேர்த்தியை மண்ணாக்கிவிட்டேன். மணல் அந்த வானை விழுங்கின மாதிரி என்னையும் விழுங்கிவிடாதா என்று இருந்தது.

மாமி என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் ஒண்டு தா பிள்ளை."

விடிய இருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் விரதம் இருந்த மனுசி. மொண்டு கொடுத்தேன். நின்ற நிலையில், மூச்சுவிடாமல், அடி வரைக்கும் குடித்தார். கசகசாவையும் விரலால் வழித்து வாயில் போட்டார்.

"சீனி கொஞ்சம் காணாது" என்றார். பிறகு சனத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அம்மனுக்கு வைச்சுக் கும்பிட்டாச்சு. அவ வேண்டாம் எண்டு ஒண்டும் சொல்லேல்லை. சல்லியில குடியிருக்கிறவ. அவவுக்கு மீன் மணம் என்ன புதுசே?"

சம்மாட்டியார்தான் முதலில் சிரித்தார். பூசாரியார் துண்டால் வாயை மூடிக்கொண்டு கோயில் பக்கம் திரும்பிவிட்டார், தோள் மட்டும் குலுங்கியது. வரிசை திரும்ப நகர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் கண்டபடியால் சொல்கிறேன்: குடித்துவிட்டுப் போன ஆம்பிளையள் பலர் சுற்றிவந்து திரும்பவும் வரிசையில் நின்றார்கள். நாட்கணக்காக மரக்கறி தின்று நாக்குச் செத்துப்போயிருந்த சனம். கிடாரம் பொழுதுபடுமுன் காலி.

மறுநாள் அவர்களே கரைவலைக் கயிற்றை வானில் கட்டி, வலை இழுக்கிற மாதிரி அம்பாப் பாட்டுப் பாடி இழுத்து எங்களைக் கரைசேர்த்தார்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சம்மாட்டியாரிடம் மெல்லக் கேட்டேன், கடைசியில் அது என்ன மீன் என்று. "அறுக்குளாதான் பிள்ளை. அந்த மனுசி சரியாச் சொன்னவ" என்றார். பரவாயில்லை, விலை கூடின மீன் என்று ஒரு சின்ன ஆறுதல்.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் விடியத் தேத்தண்ணி கொண்டுபோய், வழக்கம்போல வைத்துவிட்டுத் திரும்பினேன். "எங்க போறாய், கிளாஸைக் கொண்டு போ" என்று குரல் வந்தது. வெறுங் கிளாஸ். கிணற்றடி வாழை அதற்குப் பிறகு போட்ட குலைகள் சாதாரணமானவை.

வானை இவர் பிறகு விற்றுவிட்டார். கதையை யாரும் விற்கவில்லை. எங்கள் வீட்டில் நான் எந்தக் கிளாஸை நீட்டினாலும், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் முதலில் அதை மூக்குக்குத்தான் கொண்டுபோவார்கள். வந்த விருந்தாளிகளும் கதை தெரிந்தவர்களென்றால் அப்படித்தான்.

மாமி மட்டும், படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில்கூட, என் கையிலிருந்து வாங்கிய எதையும் மணந்து பார்த்ததில்லை. வாங்கினால் வாயில்தான். அடி வரைக்கும் குடித்து முடித்து, கிளாஸை என்னிடம் தந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கேட்பார்:

"இண்டைக்கு என்ன மீன், பிள்ளை?"